வீட்டு உள்சுவருக்கு பெயிண்ட் தேர்ந்தெடுக்கிறது எப்படி: சுவத்துல ஆரம்பிச்சு ஷேடு கார்டு வரைக்கும் முழு வழிகாட்டி

எங்க வீடு, தங்கச்சி வீடு, அப்புறம் சொந்தக்காரங்க நாலஞ்சு பேர் வீடுன்னு பெயிண்ட் வேலைய கூடவே நின்னு பாத்ததுல ஒண்ணு நல்லா புரிஞ்சுது, எல்லாருமே முதல்ல ஷேடு கார்ட, அதான் கலரெல்லாம் துண்டு துண்டா இருக்கிற அட்டைய, வாங்கிட்டு வந்துதான் உக்காருறாங்க. கலரு கடைசியில முடிவு பண்ண வேண்டிய விஷயம். சுவரு எப்படி இருக்கு, அந்த ரூம்ல என்ன நடக்குது, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து விழுது, இது மூணும் தெரிஞ்சாத்தான் எந்த வகை பெயிண்ட்னு சொல்ல முடியும், வகை தெரிஞ்ச பிறகுதான் கலரு. கீழ இருக்கிற வரிசைய மாத்தாம போங்க.

1. முதல்ல எடுத்து வெச்சுக்க வேண்டியது

அளக்குற டேப்பு, நோட்டு, பட்டி (சுவத்த மட்டமாக்கப் பூசுற மாவு) வழிக்கிற பிளேடு ஒண்ணு, நல்லா ஒட்டுற டேப்பு, ரெண்டடிக்கு ரெண்டடி தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டு, டார்ச்சு, கொஞ்சம் பஞ்சு, நகச்சாயம் அழிக்கிற ரிமூவர். இவ்வளவு போதும்.

அதோட எலக்ட்ரிக் வேலை, பிளம்பிங், ஏசிக்கு ஓட்டை போடுறது, புது ஸ்விட்ச் பாக்ஸ் பதிக்கிறதுன்னு சுவத்த உடைக்கிற வேலை எதுவா இருந்தாலும் பெயிண்டுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். "அப்புறம் டச்சப் பண்ணிக்கலாம்"னு விட்டா அந்த இடம் மட்டும் தனியா தெரியும், அதே டப்பா பெயிண்டா இருந்தாலும் தெரியும், ஏன்னா புதுசா பூசின காரை பெயிண்ட உறிஞ்சுற அளவு வேற, பக்கத்து சுவரு உறிஞ்சுற அளவு வேற.

2. சுவத்துல ஈரம் இருக்கான்னு பாருங்க

எல்லாரும் தாண்டிப் போற இடம் இதுதான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

எங்க வீட்டு பெட்ரூமுக்கு விலை கூடின பெயிண்ட் அடிச்சு ஒன்றரை வருஷம் இருக்கும். பீரோவ நகத்துறோம், பின்னாடி தரையிலேர்ந்து முழங்கால் உசரத்துக்கு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா நிக்குது. அம்மா ஒரு கொப்புளத்த நகத்தால கீறினாங்க, உள்ளேர்ந்து ஈரமா வெள்ளைப் பொடி உதிர்ந்துச்சு, வாயில வெச்சா உப்பு கரிக்கிற மாதிரியே இருக்கும் பாக்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், டைல்ஸ் இடுக்கு வழியா தண்ணி இறங்கியிருக்கு. பெயிண்ட் மேல எந்தத் தப்பும் இல்ல, ஓதம் ஏறின சுவத்துல எதை அடிச்சிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

காரணம் இதுதான். சுவத்துக்குள்ள இருக்கிற தண்ணி எப்படியும் வெளிய வரப் பாக்கும், வரும்போது செங்கல்லு, சிமெண்டு, மணல்ல இருக்கிற உப்பையும் கரைச்சு இழுத்துட்டு வரும். பெயிண்ட் படலம் வழிய அடைச்சா அதுக்குப் பின்னாடியே உப்பு படிஞ்சு, படலத்தத் தள்ளி விட்ரும். படலம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பெரிய பத்தையா உரியும்.

சோதனை சுலபம். பிளாஸ்டிக் ஷீட்ட சந்தேகப்படுற இடத்துல வெச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப்பு ஒட்டி 24 மணி நேரம் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவத்தப் பாத்த பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஈரம் சுவத்துக்குள்ளேர்ந்து வருது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமா இருந்தா அது ரூம்ல காத்தோட்டம் பத்தாம வர்ற ஈரம், அதுக்கு வைத்தியம் வேற.

பாக்க வேண்டிய இடங்கள்: பாத்ரூமுக்கு முதுகு காட்டுற சுவரு, ஜன்னல் சன்ஷேடுக்கு கீழ, மேல்மாடி சீலிங்கு மூலை, தரைக்கு மேல ரெண்டடி, பீரோ கட்டிலுக்குப் பின்னாடி. மேல்மாடி சீலிங்குல பழுப்பு வட்டம் இருந்தா மொட்டை மாடி தட்டோட்டயும் தண்ணி போற குழாயையும் பாக்கணும், கீழ எவ்வளவு பட்டி பாத்தாலும் அந்த வட்டம் திரும்ப வரும்.

ஒழுகுற இடத்த முதல்ல அடைங்க, அப்புறம் காய விடுங்க. உள்பக்கமா மட்டும் வாட்டர்ப்ரூஃப் அடிச்சுட்டு விட்டா தண்ணி வர்றது நிக்காது, அடைச்ச இடத்த விட்டுட்டு பக்கத்துல, இல்லன்னா இன்னும் ஒரு அடி மேல வந்து நிக்கும். கீழ டைல்ஸ் ஒட்டி மறைக்கிறவங்களுக்கும் இதேதான் ஆகுது. தரையிலேர்ந்து ஓதம் ஏறுற சுண்ணாம்புக் காரை பழைய வீடா இருந்தா அந்த ரூமுக்கு வெள்ளைச் சுண்ணாம்பே நல்லது, அது ஆவிய வெளிய விடும், உதிர்ந்தாலும் கொஞ்சமா உதிரும், வருஷத்துக்கு ஒருக்கா அடிச்சுக்கிட்டா போதும்.

உப்பு பூத்திருந்தா தண்ணி ஊத்தி கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். காஞ்ச பிரஷால தட்டி எடுங்க. கருப்பா பூஞ்சை இருந்தா பிளீச்சிங் கரைசலால துடைச்சு, நல்ல தண்ணியில கழுவி, காய வெச்சுட்டு மேல வேலைய பாருங்க. அந்தக் கரைசலோட ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ சேக்கவே கூடாது, விஷ வாயு வரும்.

3. எந்த மாசத்துல அடிக்கிறது

பொங்கலுக்கு முன்னாடி வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு எல்லாரும் மார்கழியில ஆள் தேடுறாங்க. ஐப்பசி கார்த்திகை முழுக்க மழையில நனைஞ்ச சுவரு அப்பத்தான் வெளிப்பக்கம் காஞ்சிருக்கும், உள்ள ஈரம் இருக்கும். முடிஞ்சா மாசி, பங்குனி வரைக்கும் பொறுங்க. பொறுக்க முடியாதுன்னா மழை பட்ட வெளிச்சுவருள்ள ரூம மட்டும் தள்ளி வெச்சுட்டு, நடுச்சுவர்கள அடிச்சுக்கங்க.

புது வீட்டுக்காரங்க பூசு வேலை முடிஞ்ச உடனே பட்டி பாக்க ஆரம்பிக்காதீங்க. தண்ணி விட்டு ஆத்தி, குறைஞ்சது 28 நாளாவது போகணும், மழைக்காலம்னா இன்னும் கூட. புது சிமெண்ட் காரையில காரத்தன்மை ரொம்ப அதிகம், அது பெயிண்ட்ல இருக்கிற கலர வெளுக்க வெச்சுரும், எண்ணெய் பெயிண்டா இருந்தா சோப்பு மாதிரி பிசுபிசுன்னு ஆக்கிரும்.

4. பழைய பெயிண்ட் என்னன்னு கண்டுபிடிங்க

உள்ளங்கைய சுவத்துல அழுத்தி தேயுங்க. கையில வெள்ளையா மாவு ஒட்டுனா கீழ இருக்கிறது சுண்ணாம்பு, இல்லன்னா பழைய டிஸ்டெம்பர்ங்கிற விலை கம்மியான மாவுப் பூச்சு. அது மேல எமல்ஷன், அதாவது தண்ணி கலந்து அடிக்கிற பெயிண்ட், நேரா அடிச்சா எமல்ஷன் மாவுலதான் ஒட்டும், சுவத்துல ஒட்டாது. சுரண்டித்தான் ஆகணும், இதுக்கு குறுக்கு வழி இல்ல.

மாவு ஒட்டலன்னா ரிமூவர் நனைச்ச பஞ்சால தேச்சுப் பாருங்க. கலரு பஞ்சுல வந்தா தண்ணி பெயிண்ட், வரலன்னா பெரும்பாலும் எனாமல் மாதிரி எண்ணெய் பெயிண்ட். எண்ணெய் பெயிண்ட் மேல அப்படியே எமல்ஷன் அடிச்சா நகத்தால கீறினா தோலு மாதிரி உரியும், உப்புத்தாள் போட்டு பளபளப்ப எடுத்து, அதுக்கு ஏத்த பிரைமர் (பெயிண்ட் பிடிக்கிறதுக்காக கீழ அடிக்கிற முதல் பூச்சு) கொடுத்துட்டுத்தான் அடிக்கணும்.

ஒரு எச்சரிக்கை, இது குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு ரொம்ப முக்கியம். வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு 2016-ல விதி போட்டு 2017 நவம்பர்லேர்ந்து நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின எனாமல் கதவு, ஜன்னல் கம்பியில ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அத காஞ்ச உப்புத்தாளால தேச்சு தூசி கிளப்பாதீங்க, தண்ணி தொட்டு தேய்க்கிற தாளு வாங்குங்க, குழந்தைங்கள அந்தப் பக்கமே விடாதீங்க, தூசிய பெருக்காம ஈரத்துணியால துடைச்சு எடுங்க.

5. ஒவ்வொரு ரூம்லயும் சுவத்த எங்க தொடுறோம்னு எழுதுங்க

நோட்ட எடுத்துக்கிட்டு ரூம் ரூமா போங்க. கட்டில் தலைமாட்டுல, சோபாவுக்குப் பின்னாடி, எண்ணெய் தேச்ச தலைய சாச்சு சாச்சு வட்டமா பழுப்பு ஏறியிருக்கும். ஸ்விட்ச் பக்கத்துல கை அழுக்கு. சாமி ரூம்ல விளக்குப் புகையும் கற்பூரப் புகையும். சமையக்கட்டுல தாளிக்கிற எண்ணெய் ஆவியா போய் மேல படியும், டைல்ஸுக்கு மேல இருக்கிற ரெண்டடி சுவத்துல விரல வெச்சா பிசுக்குன்னு இருக்கும். குழந்தைங்க இருந்தா மூணடி உசரம் வரைக்கும் பென்சில் கிறுக்கல்.

இந்த இடமெல்லாம் ஈரத்துணியால அடிக்கடி துடைக்கிற இடம், இங்க துடைச்சா தாங்குற பெயிண்ட் வேணும். சீலிங்கயும், ஸ்டோர் ரூமையும் யாரும் தொடுறதில்ல, அங்க காசு போட வேண்டியதில்ல. வீடு முழுக்க ஒரே பெயிண்ட்னு முடிவு பண்றவங்க இங்கதான் பணத்த விடுறாங்க.

6. பளபளப்பு எவ்வளவுன்னு ராத்திரி டார்ச்சு அடிச்சு முடிவு பண்ணுங்க

ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச சுவத்தோட ஒட்டி வெச்சு, சுவரு நெடுக அடிங்க. பகல்ல மட்டமா தெரிஞ்ச சுவத்துல மேடு, பள்ளம், கரண்டி போன தடம் எல்லாம் அலை அலையா நிழல் விட்டு நிக்கும். நம்ம வீடுங்கள்ல டியூப்லைட்டே சுவத்துலதான் மாட்டியிருக்கு, அதனால தினமும் சாயங்காலம் வெளிச்சம் இப்படித்தான் சுவத்த உரசிக்கிட்டு விழுது. இந்த நேரத்துல பளபளப்பான பெயிண்ட் ஒவ்வொரு மேட்டையும் எடுத்துக் காட்டும்.

அதனால அலை நிறைய தெரிஞ்சா மேட் (பளபளப்பே இல்லாதது), இல்லன்னா சாஃப்ட் ஷீன் (லேசான பளபளப்பு). சுவரு நல்லா மட்டமா இருந்து துடைக்கிற வசதியும் வேணும்னா இன்னும் கொஞ்சம் பளபளப்பு கூடின சாட்டின். நல்லா பளபளக்கிற கிளாஸ் எனாமல் கதவுக்கும் கம்பிக்கும் போதும். சீலிங்கு எப்பவும் மேட் வெள்ளை, அங்க பளபளப்பு இருந்தா லைட்டு எதிரொளிச்சு கண்ண உறுத்தும்.

7. இப்ப பெயிண்ட் வகை

டிஸ்டெம்பர்: விலை கம்மி, தேச்சு துடைச்சா கறையோட பெயிண்டும் சேந்து வரும். ஸ்டோர் ரூமு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறுற வாடகை வீடு, இதுக்கு சரி.

சாதா எமல்ஷன்: ஏஷியன் பெயிண்ட்ஸ்ல ட்ராக்டர் எமல்ஷன், நெரோலாக்ல பியூட்டி மாதிரி. சீலிங்குக்கும், அதிகம் கை படாத ரூமுக்கும் தாராளமா போதும்.

நடுத்தர எமல்ஷன்: ஏஷியன் பெயிண்ட்ஸ்ல ஆப்கோலைட் பிரீமியம் எமல்ஷன், பெர்ஜர்ல ஈசி கிளீன் இந்த மாதிரி. நடுத்தரக் குடும்பத்து ஹால், பெட்ரூம், குழந்தைங்க ரூமுக்கு நான் சொல்றது இதத்தான், துடைக்கவும் தாங்கும், விலையும் கைக்கு அடங்கும்.

விலை கூடினது: ஏஷியன் பெயிண்ட்ஸ் ராயல், பெர்ஜர் சில்க், டூலக்ஸ் வெல்வெட் டச், நெரோலாக் இம்ப்ரெஷன்ஸ். இதெல்லாம் நல்ல பெயிண்ட், ஆனா மட்டமான, காஞ்ச சுவத்துல மட்டும்தான் அந்தக் காசுக்கு பலன் தெரியும். பட்டி வேலைக்கு காச குறைச்சுட்டு இத வாங்குறது வேண்டாம், அந்தக் காச பட்டியில போட்டு நடுத்தர எமல்ஷன் அடிச்சா சுவரு இன்னும் அழகா இருக்கும், இத நான் ரெண்டு வீட்டுல பக்கத்துல பக்கத்துல பாத்தவன்.

கைக்குழந்தை, ஆஸ்துமா இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க இருந்தா விஓசி (பெயிண்ட்லேர்ந்து காத்துல கலக்குற ரசாயன ஆவி) கம்மின்னு டப்பாவுல போட்டிருக்கிறத கேட்டு வாங்குங்க. அதுக்காக அன்னைக்கு ராத்திரியே அந்த ரூம்ல படுக்க வேண்டாம், ஜன்னலத் திறந்து ரெண்டு மூணு நாளாவது விடணும். டர்பண்டைன் கலக்குற எனாமலும், எண்ணெய் பிரைமரும் வாடை ரொம்ப நாள் நிக்கும்.

8. கலர வீட்டுச் சுவத்துலயே, வீட்டு வெளிச்சத்துலயே பாருங்க

ஷேடு கார்டுல இருக்கிறது ரெண்டு விரல் அகலத் துண்டு. அதே கலரு நாலு சுவத்துலயும் ஏறினா ஒண்ணோட வெளிச்சம் இன்னொண்ணுல பட்டு எதிரொளிச்சு கார்டுல பாத்தத விட அடர்த்தியா தெரியும். அதனால மனசுக்குப் பிடிச்ச கலருக்கு ஒரு படி இளசா எடுங்க.

தங்கச்சி வீட்டு ஹாலுக்கு கடையில ஒரு இளமஞ்சள் எடுத்தோம், பகல்ல அப்படி ஒரு அழகு. சாயங்காலம் வெள்ளை எல்ஈடி போட்டதும் அதே சுவரு பச்சை கலந்து, காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளிறிப் போச்சு, அவ பாத்துட்டு எதுவும் பேசாம உள்ள போயிட்டா. நம்ம வீட்டு வெள்ளை லைட்டு பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்த சொல்ற அளவு), நீலம் தூக்கலா இருக்கும், மஞ்சளோட சேந்தா பச்சை சாயல் வந்துரும். மஞ்சள் லைட்டு 2700லேர்ந்து 3000 கெல்வின், அதுல நீலமும் சாம்பலும் மங்கும், கிரீமும் பழுப்பும் எடுப்பா இருக்கும். எந்த லைட்டு போடப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணி மாட்டிட்டு, அது கீழதான் கலரு பாக்கணும்.

முறை இது. மூணு கலருக்கு மேல போகாதீங்க. சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, ரெண்டடி சதுர சார்ட் அட்டையில ஓரத்துல கொஞ்சம் வெள்ளை விட்டு ரெண்டு கோட்டு அடிச்சு காய விடுங்க, ஈரத்துல பாத்தா கலரு ஏமாத்தும். நேரா பழைய சுவத்துல அடிச்சுப் பாக்காதீங்க, சுத்தி இருக்கிற பழைய கலரு கண்ண மயக்கும். அட்டைய ஜன்னல் பக்கத்துல ஒரு தடவ, ஜன்னலுக்கு எதிர்ச்சுவத்துல ஒரு தடவ, மூலையில ஒரு தடவன்னு காலை, மத்தியானம், ராத்திரி லைட்டு போட்டு பாருங்க. ரெண்டு நாள் போதும்.

மேற்கு ஜன்னல் ரூம்ல சாயங்கால வெயில் எதையும் ஆரஞ்சாக்கும், அங்க ஏற்கனவே பீச்சு, ஆரஞ்சு அடிச்சா ரூமே தகிக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவத்தப் பாத்த ஜன்னல்னா வெளிச்சமே கம்மி, அங்க ஷேடு கார்டு பின்னாடி எல்ஆர்வின்னு ஒரு நம்பர் இருக்கான்னு பாருங்க, வெளிச்சத்த எவ்வளவு திருப்பிக் கொடுக்குதுங்கிற அளவு, 100-க்கு. 70-க்கு மேல எடுத்தா ரூம் கொஞ்சம் வெளிச்சமா இருக்கும்.

அடர்த்தியான சிவப்பு, மஞ்சள், கருநீலம் ஒரு சுவத்துக்கு மட்டும்னா அழகு, ஆனா இந்தக் கலருல வெள்ளை நிறமி கம்மி, கீழ இருக்கிறத மறைக்கிற சக்தியும் கம்மி, 3 கோட்டு கேக்கும். கை பட்ட தடமும் பளிச்சுன்னு தெரியும். தரை டைல்ஸ், கதவு, திரைச்சீலை இதெல்லாம் மாத்தப் போறதில்லன்னா அட்டைய அதுங்க பக்கத்துல வெச்சுப் பாக்க மறக்காதீங்க.

9. பட்டியும் பிரைமரும், வரிசை மாறக் கூடாது

வெள்ளை சிமெண்ட் பட்டின்னா சுவத்துல தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு நேரா போடணும், கீழ பிரைமர் வேண்டாம். அது சிமெண்டு, இறுக தண்ணி வேணும், காஞ்ச சுவரு அந்தத் தண்ணிய குடிச்சுட்டா பட்டி மாவா உதிரும். அக்ரிலிக் பட்டின்னா முதல்ல பிரைமர், அப்புறம் பட்டி. ரெண்டுலயும் பட்டி காஞ்சு, உப்புத்தாள் போட்டு, தூசிய துடைச்ச பிறகு மேல ஒரு பிரைமர் கட்டாயம். தூசி துடைக்காம பிரைமர் அடிக்கிறதுதான் நான் அதிகமா பாத்த தப்பு, ஆறு மாசத்துல செதில் செதிலா எழும்பும்.

10. எவ்வளவு வாங்கணும்

10க்கு 12 ரூமு, 10 அடி உசரம்னு வெச்சுக்கங்க. சுத்தளவு 44, உசரத்தால பெருக்கினா 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16 கழிச்சா ஏறக்குறைய 400. சீலிங்கு தனியா 120.

டப்பாவுல 2 கோட்டுக்கு லிட்டருக்கு 120, 130 சதுர அடின்னு போட்டிருந்தா அது கண்ணாடி மாதிரி சுவத்துக்கு, நான் 100-ன்னுதான் கணக்கு போடுவேன். ஆக சுவத்துக்கு 4 லிட்டரு, சீலிங்குக்கு ஒன்றரை லிட்டருக்குள்ள. வீடு மொத்தத்துக்கும் இப்படி எழுதி கூட்டிட்டு, ஒவ்வொரு கலருலயும் ஒரு லிட்டர் சேத்துக்கங்க.

11. கடையில

கலரு பேர மட்டும் சொல்லாதீங்க, ஷேடு கோடு நம்பர், பெயிண்ட் பேரு, பளபளப்பு மூணையும் எழுதிக் கொடுங்க. ஒரே ஷேடு நம்பர் வேற வேற வகை பெயிண்ட்ல லேசா மாறும். ஒரு கலருக்கு வேண்டியத ஒரே நாள்ல, ஒரே பேட்ச்ல கலக்கி வாங்குங்க, மெஷின்ல கலக்கினத திருப்பி எடுக்க மாட்டாங்க. ரெண்டு பக்கெட்டு ஆனா ஒரு பெரிய டிரம்ல ஊத்தி ஒண்ணா கலந்துட்டு அடிக்கச் சொல்லுங்க, அப்பத்தான் சுவத்து நடுவுல கலரு மாறாது.

போட்டிருக்கிற விலைய அப்படியே கொடுக்காதீங்க, ரெண்டு கடையில கேட்டா குறைப்பாங்க. பெயிண்ட நீங்களே வாங்கி, சீல உங்க முன்னாடி உடைக்கச் சொல்லுங்க.

12. பெயிண்டர்கிட்ட முதல் நாளே பேசிக்க வேண்டியது

"அண்ணே, எத்தன கோட்டு பட்டி, எத்தன பிரைமர், எத்தன பெயிண்ட், கதவு கம்பி சேத்தா இல்லையா, வீட்ட கூட்டிக் கொடுக்கிறது யாரு"ன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதிக்கங்க. எழுதாத வேலையிலதான் நடுவுல மனஸ்தாபம் வருது.

தண்ணி எவ்வளவு கலக்கணும்னு டப்பாவுல போட்டிருக்கும், அளவு மக்கு வெச்சு கலக்கச் சொல்லுங்க. கண் அளவுல ஊத்தினா முதல் நாள் அடிச்சதும் மூணாம் நாள் அடிச்சதும் வேற வேற மாதிரி காயும், தண்ணி கூடினா சீக்கிரமே மாவு விடும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 4லேர்ந்து 6 மணி நேரம், மழை நாள்ல இன்னும் கூட.

அடிக்கிற வரிசை: சீலிங்கு, சுவத்துக்கு முதல் கோட்டு, அப்புறம் டார்ச்சு அடிச்சுப் பாத்து தப்புன இடத்துல பட்டி பாத்து அந்த இடத்துக்கு பிரைமர், எலக்ட்ரீஷியன் ஃபேனு லைட்டு மாட்டி முடிக்கட்டும், அதுக்கப்புறம் கடைசி கோட்டு. கடைசி கோட்டு ஒரு சுவத்த நடுவுல நிறுத்தாம மூலையிலேர்ந்து மூலைக்கு ஒரே மூச்சுல முடியணும், சாப்பாட்டு நேரத்துல பாதியில விட்டா நிறுத்தின இடத்துல அந்தத் தடம் காஞ்ச பிறகும் நிக்கும்.

13. மிச்ச பெயிண்ட்

சேத்து வாங்கின லிட்டர காலியான சின்ன டப்பாவுக்கு மாத்தி, விளிம்பு வரைக்கும் ரொப்பி, மூடிய இறுக்கி நிழல்ல வைங்க, காத்து கம்மியா இருந்தா ஏடு கட்டாது. டப்பா மேல ரூம் பேரு, ஷேடு கோடு, அடிச்ச மாசம் வருஷம் எழுதி, அந்த லேபிள போன்ல படமும் எடுத்து வெச்சுக்கங்க. ஆணி அடிச்ச ஓட்டைய அடைக்கிறப்ப சின்ன ரோலரால தொட்டு ஓரம் மங்குற மாதிரி அடிங்க, பிரஷால அடிச்சா ரோலர் போட்ட சுவத்துல அந்த இடம் வழவழன்னு தனியா தெரியும்.